குலசேகரத்தாரின் கட்டிலும் பிரிகேடியரின் இழுவையும்

எண்பத்தேழாம் ஆண்டு ஒக்டோபரில் லண்டனில் அடித்த புயலில் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. குட்மேய்ஸில் பாலேந்திரா குடியிருந்த தெருவில் விழுந்தது ஒன்றுதான். ஆனால் அது எதிர்வீட்டு வெள்ளைக்காரரின் காருக்கு மேலே, அளவெடுத்து வைத்ததுபோல நடுவில் விழுந்திருந்தது. மரம் வெட்ட வந்தவர்கள் இரண்டு பேர். கயிறு பிடிக்க மூன்றாவது ஆள் இல்லை. பாலேந்திராவைப் பெற்றோல் ஷெட் வேலையிலிருந்து நிற்பாட்டி ஒரு மாதமாகியிருந்தது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவரின் காலடியில் கயிற்று நுனி வந்து விழ, குனிந்து பிடித்தார். பொழுதுபடும்வரை விடவில்லை.

மரம் வெட்ட வந்த கிழவரின் பெயர் ரெஜி பார்லோ. சாமான்களைத் தன் வான் வண்டிக்குள் ஏற்றிவிட்டு, "நாளைக்கும் வருவாயா? காட்டில் நிறைய வேலை கிடக்கிறது" என்று கேட்டார். பாலேந்திரா ஓமென்று தலையாட்டினார். அந்தக் காட்டில் ஒரு குதிரையும் இருக்கிறது என்பதை ரெஜி அப்போது சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் பாலேந்திரா காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். நாற்பது வயது. மாட்டு வண்டிலுக்கே வழிவிட்டு வேலியோடு ஒட்டி நிற்கிற சுபாவம். அடுத்த நாள் இரண்டு பஸ் மாறி ஹேனோல்ட் காட்டு ஓரத்தில் போய் இறங்கியபோது, சிறிய லொறி அளவில் ஒன்று பனிப்புகாருக்குள் நின்று மூக்கால் புகைவிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளையும் கபிலமும் கலந்த நிறம். காலடியில் பாவாடை கட்டியதுபோல மயிர். ரெஜி அதன் கழுத்தில் தட்டி, "இவர்தான் பிரிகேடியர்" என்று அறிமுகப்படுத்தினார்.

காட்டில் விழுந்து கிடந்த மரங்களை ட்ராக்டர் விட்டு இழுக்கக்கூடாது என்பது அந்தக் காட்டுப் பொறுப்பாளர்களின் கட்டளை. ஈரக் களிமண்ணில் ட்ராக்டர் ஏறினால் நிலம் இறுகி, பிறகு ஒரு புல்லும் முளைக்காதாம். ஆகவே குதிரை. குதிரைக்குப் பின்னால் சில்லு இல்லாத ஒரு வண்டில். இரண்டு நீளக் கட்டைகள், முன்நுனி மேலே வளைந்தபடி. அவற்றுக்குக் குறுக்கே சட்டங்கள். வெட்டிய மரக் குற்றிகளை அதில் ஏற்றிச் சங்கிலியால் கட்டிவிட்டால், பிரிகேடியர் அதைச் சேற்றிலும் சருகிலும் வழுக்க இழுத்துக்கொண்டு சரிவால் இறங்கி, கீழே ரோட்டுக்கரையில் கொண்டுபோய் விடுவார். வெள்ளைக்காரர் அதை ஸ்லெட்ஜ் என்றார்கள். பாலேந்திரா வீட்டில் அதற்கு 'இழுவை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டில் மூன்று பேர். பாலேந்திரா, மனைவி சிவமலர், சிவமலரின் தமையன் குலசேகரம். பிள்ளைகள் இல்லை. சிவமலர் சான்விச் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. குலசேகரம் எழுபத்திரண்டில் வந்தவர், ரயில் நிலையத்தில் ரிக்கற் பார்க்கிறவர், கல்யாணம் செய்யாதவர். ஒருகாலத்தில் இன்ஜினியர்மாருக்குப் படம் கீறும் படிப்பு ஒன்றில் முதல் வருடம் மட்டும் படித்ததனால், தன்னைப் பாதி இன்ஜினியர் என்று நம்பினார். வீட்டில் எது உடைந்தாலும் அவர்தான் திருத்துவார். அவர் திருத்திய பிறகுதான் திருத்துகிறவனைக் கூப்பிடுவார்கள்.

"குதிரையோ?" என்றாள் சிவமலர் முதல் நாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? ஊரிலை கோழி கொத்தும் எண்டு முத்தத்துக்கு வராத ஆள்!"

"நல்ல குதிரையப்பா. பேர் பிரிகேடியர்."

"பேரும் நல்லாத்தான் இருக்கு. ஊரிலை நிக்கிற பிரிகேடியர்மார் காணாதெண்டு இஞ்சை ஒருத்தரைத் தேடிப் பிடிச்சிருக்கிறியள்."

அந்தப் பெயரால் ஒரு கிழமைக்குள் கரைச்சல் வந்தது. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எந்தப் பக்கத்து ஆமிக்காரனின் பெயரைச் சொன்னாலும் லண்டனில் ஆட்கள் காது கொடுத்தார்கள். யோகராஜாவின் கடைக்குப் பாலேந்திரா மரக்கறி வாங்கப் போனார். யோகராஜா தராசை விட்டுவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தம்பி, குறை நினையாதையும். நீர் ஒரு பிரிகேடியரோடை வேலை செய்யிறீராம் எண்டு கதை அடிபடுது. உண்மையே?"

"ஓம் அண்ணை."

வெண்டிக்காய் முறித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள்.

"எந்தப் பிரிகேடியர்?"

"இஞ்சத்தை ஆள்தான். கொஞ்சம் வயது போட்டுது. நல்ல குணம். ஆனால் பின்பக்கத்தாலை மட்டும் கிட்டப் போகக்கூடாது, உதைச்சுப்போடுவார்."

"உதைக்கிறவரோ?" என்றார் யோகராஜா. "பிறகேன் தம்பி அங்கை நிக்கிறீர்? பொலிசிலை சொல்லும். இது சட்டம் இருக்கிற நாடு."

விளங்கப்படுத்தி முடிக்கிறபோது கடைக்குள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலேந்திராவும் சிரித்தார். அவர் சிரித்ததை அன்று பின்னேரம் யோகராஜாவின் மனைவி பாலாம்பிகை சிவமலரிடம் ஒரு செய்தியாகவே சொன்னாள். லண்டனுக்கு வந்து இரண்டு வருடத்தில் அந்த மனிசன் பல்லைக் காட்டியதை அவள் கண்டதில்லையாம்.

மார்கழி முழுக்க மழை. பனி விழவில்லை, மழைதான். காட்டுச் சரிவில் களிமண் கரைந்து போக, அடியில் கிடந்த கற்கள் மேலே வந்தன. கையால் எடுத்தால் கத்திபோலக் கூரான கற்கள். அவற்றின்மேல் பாரத்தோடு இழுபட, இழுவையின் அடிக்கட்டைகள் கரையத் தொடங்கின. புதிதாகப் போட்ட கட்டை நாலைந்து நாளில் பாதியாகிவிடும். அதைக் கழற்றி வேறு மரம் அறுத்து, வளைத்து, பூட்டுவதற்குள் ஒரு நாள் போய்விடும். பிரிகேடியர் அந்த நாள் முழுக்கச் சும்மா நின்று புல் தின்பார்.

ரெஜி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மார்ச் முடிவதற்குள் சரிவைத் துப்புரவாக்க வேண்டும். ஏப்ரலில் குருவிகள் கூடு கட்டத் தொடங்கிவிடும். பிறகு ஒருவரும் காட்டுக்குள் சத்தம் போடக்கூடாது. இந்த வேகத்தில் போனால் முடியாது. முடியாவிட்டால் இந்தக் குத்தகையை வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள், தானும் குதிரையை விற்றுவிட்டுத் தங்கையோடு போய்க் கடற்கரையில் இருக்க வேண்டியதுதான் என்றார். அவர் சொன்னது பகிடியல்ல என்பது பாலேந்திராவுக்கு விளங்கியது. பஸ்ஸில் வரும்போது அவர் குதிரையைப் பற்றி யோசித்தார். பிறகுதான் தன்னுடைய வேலையைப் பற்றி யோசித்தார். அந்த ஒழுங்கு அவருக்கே அதிசயமாக இருந்தது.

அடுத்த கிழமை ஒரு நாள் சிவமலர் தோசைச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தாள்.

"இஞ்சை வைச்ச நல்லெண்ணெய்ப் போத்தல் எங்கை?"

பாலேந்திரா சப்பாத்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"கட்டைக்குப் பூசிப் பாத்தனான்."

"என்ரை நல்லெண்ணெயையோ?"

"எண்ணெய் ஊறினால் மரம் தேயாதெண்டு அண்ணைதான் சொன்னவர்."

முன்னறையிலிருந்து குலசேகரத்தாரின் குரல் வந்தது. "நான் எண்ணெய் எண்டு பொதுவாகத்தான் சொன்னனான். நல்லெண்ணெய் எண்டு சொல்லேல்லை."

"தேஞ்சுதோ இல்லையோ?" என்றாள் சிவமலர்.

"தேஞ்சுது," என்றார் பாலேந்திரா. "ஆனால் நல்ல வாசம். பிரிகேடியர் திரும்பித் திரும்பி மணந்து பாத்தவர்."

அதன்பிறகு குலசேகரத்தார் விஷயத்தைக் கையிலெடுத்தார். அவர் ஓய்வு நாளொன்றில் கழுத்துப்பட்டியும் குடையுமாகக் காட்டுக்குப் போய், இழுவையைச் சுற்றி நடந்து, கட்டையைக் குடை நுனியால் தட்டிப் பார்த்தார். மரத்துக்கு இரும்புச் சப்பாத்துப் போட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ரெஜி அதை முன்பே யோசித்திருந்தார். அகலமான இரும்புப் பட்டியை அடியில் வைத்து ஆணி முடுக்கினார்கள். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் கல்லில் உரஞ்சி ஆணிகளின் தலைகள் தேய்ந்து போக, பட்டி பிய்ந்து, பின்னால் நாய் வால்போல நீட்டிக்கொண்டு வந்தது. பாலேந்திரா அதைக் கண்டு கத்துவதற்குள் அது ஒரு வேரில் கொழுவி, இழுவையைக் குடைசாய்த்தது. குற்றிகள் எல்லாம் உருண்டன.

"ஆணித்தலையை உள்ளுக்குத் தாழ்த்தியிருக்கவேணும்," என்றார் குலசேகரத்தார் சாப்பிடும்போது.

"தாழ்த்தித்தான் அடிச்சது. இரும்பு தேயத் தலையும் வெளியிலை வருது. அடியிலை ஆணி இருக்குமட்டும் இதுதான் கதை."

"அப்ப பசை போட்டு ஒட்டிப் பாப்பம்."

"குதிரை இழுக்கிற இழுவையை? முத்திரை ஒட்டுறமாதிரியோ?"

ஞாயிற்றுக்கிழமை சிவமலர் வீடு கூட்டினாள். முன்னறையில் குலசேகரத்தாரின் கட்டில் இருந்தது. பழைய ஆஸ்பத்திரி ஒன்றைக் கலைத்தபோது ஏலத்தில் எடுத்த இரும்புக் கட்டில். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த எல் வடிவ இரும்புகள், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை. அந்தக் கட்டிலில் படுத்தால் முதுகு நேராக நிற்கும் என்பது குலசேகரத்தாரின் மதம். மூன்று வீடு மாறியும் அதை விடவில்லை. சிவமலர் கட்டிலுக்குக் கீழே விளக்குமாற்றை விட்டுக் குனிந்து நிமிர்ந்தாள். நெற்றி பக்க இரும்பில் டொங்கென்று இடித்தது.

"ஐயோ! அண்ணை, இந்தச் சனியனை எப்பதான் எறியப்போறியள்? சுத்திவர நட்டு. அடியிலை ஒண்டும் இல்லை, மேலை ஒண்டும் இல்லை, எல்லாம் பக்கத்தாலை நீட்டிக்கொண்டு நிண்டு மனிசரின்ரை மண்டையைக் குத்துது!"

பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பாலேந்திரா எழுந்து வந்தார். மனைவியின் நெற்றியைப் பார்க்க வருகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அவளைத் தாண்டிப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். இரும்பின் ஒரு பக்கம் கிடையாக, மற்றப் பக்கம் நிமிர்ந்து. நட்டுகள் எல்லாம் நிமிர்ந்த பக்கத்தில். கிடைப்பக்கம் கையால் தடவினால் வழுவழுவென்று இருந்தது.

"அண்ணை, இஞ்சை வாங்கோ. கிடைப்பக்கத்தைக் கட்டைக்கு அடியிலை குடுத்து, நிமிந்த பக்கத்தைக் கட்டையின்ரை விலாவிலை வைச்சுப் பக்கத்தாலை நட்டுப் பூட்டினால் அடியிலை ஒரு ஆணித்தலையும் வராது. பிறகு எது தேயிறது?"

குலசேகரத்தார் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். அவருக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. அது மட்டுமல்ல, அதைத் தானே கண்டுபிடித்ததாகவும் விளங்கிவிட்டது. "இதைத்தானடாப்பா நான் முதலிலையிருந்து சொல்லுறன், ஆங்கிள் அயன்! ஆங்கிள் அயனுக்கு நிகர் ஒண்டும் இல்லை," என்றார். உடனே ரெலிபோனை எடுத்து ரெஜிக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். "கனம் எவ்வளவு வேண்டும்?" என்று ரெஜி கேட்டிருக்க வேண்டும். "என் கட்டிலைப் போல, அப்படியே என் கட்டிலைப் போல," என்று இவர் சொன்னார். அடுத்த நாள் ரயில் நிலையத்தில் எல்லாருக்கும் கட்டிலின் கதையைச் சொன்னார். பின்னேரம் யோகராஜா கடையிலும் சொன்னார்.

ரெஜி போய்க் கேட்ட இடம் ஒன்றிலும் அந்தக் கனத்தில், அந்த நீளத்தில் இரும்பு உடனே கிடைக்கவில்லை. வியாழக்கிழமை அவர் வானைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். குலசேகரத்தார் வாசலில் நின்ற வானையும் உள்ளே நின்ற கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான், நான் உதாரணத்துக்கெல்லோ சொன்னனான்."

"ஓமண்ணை. ஆனால் ஸ்ரேஷன் முழுக்கச் சொல்லிப்போட்டியளாம்."

"அண்ணை, எனக்கு நெத்தி இன்னும் நோகுது," என்றாள் சிவமலர்.

குலசேகரத்தார் கட்டிலின் தலைமாட்டில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "விஞ்ஞானத்துக்கு நான் எண்டைக்கும் தடையாய் நிண்டதில்லை," என்று சொல்லித் தானே ஸ்பனரை எடுத்து முதல் நட்டைக் கழற்றினார். அன்றிலிருந்து நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தார். யாராவது கேட்டால், முதுகுக்கு நிலம்தான் திறம் என்று டொக்டர்மாரே இப்போது சொல்கிறார்கள் என்றார்.

கொல்லன் ஒருவன் இரும்பின் முன்நுனியைச் சூடாக்கி, கட்டையின் வளைவுக்கு ஏற்றபடி மேலே வளைத்துக் கொடுத்தான். பாலேந்திரா பக்கத்தால் துளைபோட்டுப் பூட்டினார். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. கட்டில் இரும்பு தேயவில்லை. கல்லில் உரஞ்சி உரஞ்சிக் கண்ணாடிபோல மினுங்கத் தொடங்கியதுதான் மிச்சம். பிரிகேடியர் முன்பைவிட ஒன்றரை மடங்கு பாரத்தை ஒரு முனகலும் இல்லாமல் இழுத்தார். விழுந்து கிடந்த மரங்கள் சரிவில் குறைந்துகொண்டு வந்தன. பாலேந்திரா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே குசினிக்குள் எட்டிப் பார்த்து இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார். குரக்கன் புட்டும் மாசிச் சம்பலும் என்றால் இரண்டாம் முறையும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். சாப்பிட்டுவிட்டுக் கதைத்தார். எந்த மரம் எப்படி விழுந்து கிடந்தது, பிரிகேடியர் எந்த இடத்தில் நின்று யோசித்தார் என்றெல்லாம். தொழிற்சாலையில் நின்று களைத்து வந்த சிவமலர் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"அந்தக் குதிரையைப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு என்னைப் பற்றி எங்கையாவது கதைச்சிருப்பியளோ?"

"உம்மைப் பற்றிப் பிரிகேடியரிட்டைக் கதைக்கிறனான்."

"என்னண்டு?"

"நல்லெண்ணெய்க் கதை."

சனிக்கிழமைகளில் குலசேகரத்தார் காட்டுக்குப் போய்த் தன் கட்டிலை மேற்பார்வை செய்தார். மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. இழுவையில் ஓக் குற்றிகள் ஏற்றிக் கட்டியிருந்தது. குலசேகரத்தார் குடையை மடித்துக்கொண்டு குற்றிக்கு மேலே ஏறி இருந்தார்.

"அண்ணை, உதிலை இருக்கிறேல்லை. இறங்குங்கோ."

"அதிர்வு எப்பிடி இருக்கெண்டு பாக்கவேணும். நீ விடு."

ரெஜி அப்போது மேலே வேறொரு மரத்தடியில் நின்றார். பாலேந்திரா இன்னொரு தடவை கெஞ்சுவதற்குள் பிரிகேடியர் வழக்கம்போலக் காலை எடுத்து வைத்துவிட்டார். சரிவின் நடுவில்தான் தவறு தெரிந்தது. பழைய மரக்கட்டை தேய்ந்தாலும் நிலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. மினுங்குகிற இரும்பு எதையும் பிடிக்கவில்லை. மழையில் நனைந்த களியில் இழுவை குதிரையைவிட வேகமாக இறங்கி, பின்னங்காலில் போய் மெல்லத் தட்டியது. தனக்குப் பின்பக்கத்தால் ஆரும் வருவது பிரிகேடியருக்குப் பிடிக்காது. உதைக்க நேரமில்லாதபடியால் ஓடினார்.

பாலேந்திராவின் கையிலிருந்த கடிவாள வார் பறந்தது. குலசேகரத்தார் சங்கிலியை ஒரு கையாலும் குடையை மறுகையாலும் பிடித்துக்கொண்டு, "மச்சான்! மச்சான்!" என்று கூப்பிட்டபடி மரங்களுக்கிடையில் போய் மறைந்தார். வழமையாகத் திரும்புகிற இடத்தில் பிரிகேடியர் திரும்பவில்லை. நேரே வேலி இடைவெளியால் புகுந்து, பக்கத்திலிருந்த கோல்ப் மைதானத்தில் ஏறினார்.

அங்கே வயதான நாலு கனவான்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வளர்த்துக் கத்தரித்த பச்சைப் புல்லில் இரும்பு பூட்டிய இழுவை சத்தமே இல்லாமல், ஏரியில் வள்ளம் போவதுபோலப் போனதாம். கழுத்துப்பட்டி காற்றில் தோளுக்கு மேலே பறக்க, தங்களைக் கடந்து போன மனிதரைப் பார்த்து ஒருவர், "ஐயா, நீங்கள் இங்கே அங்கத்தவரா?" என்று கேட்டிருக்கிறார். குலசேகரத்தார் அந்த நிலையிலும் குடை பிடித்த கையைத் தொப்பியில்லாத தலைக்குக் கொண்டுபோய் மரியாதை காட்டினார் என்று அவர்களே பிறகு சொன்னார்கள். மைதானத்தின் கடைசியில் ஒரு மணல் குழி. இழுவையின் மூக்கு மணலில் குத்தி நின்றது. குலசேகரத்தார் மட்டும் நிற்காமல் தொடர்ந்து போனார்.

பாலேந்திரா மூச்சிரைக்க ஓடிவந்தபோது பிரிகேடியர் மைதானத்தின் மிக விலைகூடிய புல்லைத் தின்றுகொண்டிருந்தார். குலசேகரத்தார் மணலில் மல்லாந்து கிடந்தார். பாலேந்திரா முழங்காலில் விழுந்து அவரின் முகத்தைத் தடவினார். "அண்ணை! அண்ணை, கதையுங்கோ!"

கண் திறந்தது. "இரும்பு கழண்டதோ?"

"இல்லையண்ணை."

"அதுதானே," என்று சொல்லிவிட்டுக் குலசேகரத்தார் வலியில் கத்தத் தொடங்கினார்.

தோளடிக் காறை எலும்பு முறிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிக் கட்டி, பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள். சிவமலர் அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு ஏசிக்கொண்டே அழுதாள். தமையனை ஏசினாள். புருஷனை ஏசினாள். கட்டில் செய்தவனை ஏசினாள். "இனி அந்தக் காட்டுப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது. சரியோ? பெற்றோல் ஷெட்டிலை திரும்பவும் கேப்பம். கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிற வேலை, ஒண்டும் வந்து இடிக்காது."

பாலேந்திரா "சரி," என்றார். இரவுச் சாப்பாட்டில் என்ன கறி என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து யன்னலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அந்தக் கதிரையில் அவர் அப்படி இருந்து சிவமலர் பார்த்திருக்கிறாள். பெற்றோல் ஷெட் காலம் முழுக்க வேலை முடிந்து வந்தால் அதில்தான். முன்னால் வைத்த கோப்பையில் சோறா புட்டா என்று பார்க்காமலே தின்றுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அந்த முகத்தைக் காணாமல் மூன்று நான்கு மாதம் போனதை அவள் அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள்.

மத்தியானம் ரெஜி வந்தார். கோட்டும் சூட்டும் போட்டு, கையில் கொஞ்சம் பூவும் கொண்டு, சாவீட்டுக்கு வந்தவர்போல வாசலில் நின்றார். சிவமலர் உள்ளே கூப்பிட்டு இருத்தி, இடியப்பமும் சொதியும் வைத்தாள். அவர் சொதியைக் கரண்டியால் சூப் குடிப்பதுபோலக் குடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாம் தன் பிழைதான் என்றார். வேல்ஸில் தன் தகப்பன் காலத்தில் சரிவில் இறங்கும்போது அடிக்கட்டையைச் சுற்றி ஒரு சங்கிலி போடுவார்கள். அது நிலத்தைப் பிறாண்டிப் பிடித்துக்கொள்ளும். கட்டை தேய்ந்துகொண்டிருந்தவரைக்கும் அதற்குத் தேவை வரவில்லை, ஆகவே தான் மறந்துபோனதாகச் சொன்னார். இனி என்ன, கோல்ப்காரரும் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். பிரிகேடியரை வாங்க நோர்போக்கில் ஒருவன் கேட்கிறான். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"குதிரையை வித்துப்போட்டு ஒருத்தரும் நல்லா இருந்ததில்லை," என்று குலசேகரத்தார் மெத்தையில் கிடந்தபடி தொடங்கினார்.

"அண்ணை, நீங்கள் வாயை மூடுங்கோ," என்றாள் சிவமலர்.

பாலேந்திரா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவமலர் அவரைப் பார்த்தாள். பிறகு ரெஜியின் பக்கம் திரும்பி, தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில், சொல்லுக்குச் சொல் நிறுத்திக் கதைத்தாள். "முந்தி இவர் சாப்பிடுறேல்லை. இப்ப சாப்பிடுறார். முந்தி நித்திரை இல்லை. இப்ப நித்திரை. குதிரை விக்க வேண்டாம். சங்கிலி போடுங்கோ. திங்கக்கிழமை வருவார்."

ரெஜி பாலேந்திராவைப் பார்த்தார். பாலேந்திரா மனைவியைப் பார்த்தார்.

"நேற்று நீர்தானே..."

"நேற்று நேற்று. நானும் வருவன். எனக்கு ரண்டு மணிக்குத்தான் ஷிப்ட்."

திங்கட்கிழமை காலை சிவமலர் பெரிய கோட்டும் தலையில் துணியுமாக, மத்தியானச் சாப்பாட்டுப் பையோடு காட்டுக்கு வந்தாள். கோல்ப் பக்கத்து வேலி இடைவெளியை ரெஜி விடியவே குறுக்கு மரம் வைத்து அடைத்திருந்தார். இழுவையில் குற்றி ஏற்றியாகிவிட்டது. அவள் பிரிகேடியரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவரும் பார்த்தார். பிறகு அவள் ஒருவரிடமும் கேட்காமல் சரிவால் இறங்கிக் கீழே போய், பாதை முடிகிற இடத்தில் நின்றாள்.

"அங்கை நிக்காதையும்! ஒதுங்கும்!" என்று பாலேந்திரா கத்தினார்.

"நான் இஞ்சைதான் நிப்பன். சங்கிலியிலை நம்பிக்கை இருந்தால் விடுங்கோ. இல்லாட்டி இப்பவே சொல்லுங்கோ, வீட்டை போவம்."

பாலேந்திரா இடப்பக்கக் கட்டையில் சுற்றியிருந்த சங்கிலியை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு வானுக்கு ஓடிப்போய் இன்னொரு சங்கிலி எடுத்து வந்து வலப்பக்கக் கட்டைக்கும் சுற்றினார். ஒன்று போதும் என்று ரெஜி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பாலேந்திரா வாரைப் பிடித்து, "வாரும் பிரிகேடியர்," என்றார்.

இழுவை நகர்ந்தது. சங்கிலிகள் களியைப் பிறாண்டின. நாலு அடி, ஐந்து அடி. சரிவின் நடுவில் அது மெல்ல நின்றது. பிரிகேடியர் இழுத்தார், அசையவில்லை. கீழே போகிற பாதையில் இழுக்கச் சொல்கிற மனிதனை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்டவர்போலத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

கீழேயிருந்து சிவமலரின் குரல் காடு முழுக்கக் கேட்டது. "என்னப்பா, ரண்டு போட்டனீங்களோ?"

"ஓம்!"

"ஏன்?"

"நீர் நிக்கிறீரெல்லோ!"

சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா வேறேதுமா என்று மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை.

"ஒண்டைக் கழட்டுங்கோ," என்றாள் பிறகு.

"அப்ப நீர் அங்காலை..."

"நான் அசையமாட்டன். கழட்டுங்கோ எண்டுறன்!"

பாலேந்திரா சேற்றில் முழங்காலில் இருந்து வலப்பக்கச் சங்கிலியைக் கழற்றினார். கை வழுக்கியதனால் நேரம் எடுத்தது. எழுந்து வாரைப் பிடித்தார். பிரிகேடியர் காலை எடுத்து வைத்தார். இழுவை ஒரே சீராக, அவசரமில்லாமல், குதிரையின் பின்னங்காலுக்கு ஒரு முழம் தள்ளியே இறங்கியது. பாலேந்திரா பாரத்தைப் பார்க்கவில்லை, சங்கிலியைப் பார்க்கவில்லை. கீழே நின்றவளையே பார்த்தபடி நடந்து வந்தார். சிவமலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

முகத்தில் சுடச்சுட மூச்சுப் பட்டபோதுதான் கண்ணைத் திறந்தாள். பிரிகேடியர் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு, பையின் வாயை மூக்கால் விலக்கி, உள்ளே இருந்த ரொட்டியில் முதலாவதை இழுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.